விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு ஆன்லைன் வீடியோ சரியாக ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஸ்டத்தை ஃபார்மட் அடித்துப் புதிதாக விண்டோஸ் போட்டதும் பலருக்கு முதலில் இடிப்பது வீடியோதான். மற்ற வேலையெல்லாம் நடக்கும், யூடியூபைத் திறந்தால் மட்டும் திக்கும். திரை, ஒலி, நெட், கடிகாரம், பிரவுசர் ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால்தான் வீடியோ ஓடும். ஐந்தில் எது விடுபட்டது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியவை. விண்டோஸ் 7, லினக்ஸ் பற்றிய கேள்விகள் பின்னால் வருகின்றன.

ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி நல்லாத்தானே ஓடிச்சு? அதே கம்ப்யூட்டர்தானே, இப்ப மட்டும் ஏன் திக்குது?

கம்ப்யூட்டர் அதேதான், ஆனால் அதற்குள் இருந்த டிரைவர்கள் (கருவிகளை இயக்க விண்டோஸுக்குத் துணைநிற்கும் மென்பொருள்கள்) அழிந்துவிட்டன. கிராபிக்ஸ் சிப்புக்குள் வீடியோவை விரித்துக் கொடுப்பதற்கென்றே தனிப் பகுதி ஒன்று உண்டு. சரியான டிரைவர் இல்லாமல் விண்டோஸால் அந்தப் பகுதியைத் தொட முடியாது. வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும். 1080பி வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பிக்சல்கள், நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம்கள். பழைய பிராசசர் மூச்சு வாங்குவதில் வியப்பில்லை.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்ற வரியை விரியுங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று சிப்பின் பெயர் இருந்தால் நல்லது. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். எழுத்துகள் பெரிதாகத் தெரிவது, ரெசல்யூஷனை மாற்ற முடியாமல் போவது, ஜன்னலை இழுத்தால் தேய்ந்து நகர்வது எல்லாம் இதே குறையின் மற்ற அடையாளங்கள்.

டிரைவரை எங்கேர்ந்து எடுக்கணும்? விண்டோஸ் அப்டேட்டே போட்டுடும்னு சொல்றாங்களே?

பல நேரம் போட்டுவிடும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் போய் எல்லா அப்டேட்டையும் முடித்து, ரீஸ்டார்ட் செய்து, இன்னொரு முறை பாருங்கள். அதற்குப் பிறகும் பேசிக் அடாப்டர்தான் என்றால் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று ஒன்று இருக்கும். டிரைவர்கள் அங்கே தனியாகக் காத்துக்கிடப்பதுண்டு.

லேப்டாப் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் டிரைவரை முதலில் போடுங்கள். டெஸ்க்டாப் என்றால் சிப் தயாரிப்பாளரின் தளத்துக்கே நேராகப் போகலாம். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் இரண்டுக்கும் டிரைவர் வேண்டும். தனி கார்டுக்கு மட்டும் போட்டுவிட்டு, பிராசசரோடு வரும் கிராபிக்ஸை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அத்தகைய லேப்டாப்பில் பிரவுசர் பெரும்பாலும் பயன்படுத்துவது அந்த இரண்டாவதைத்தான். 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்' என்று வரும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களைத் தொடாதீர்கள். வேண்டாத விளம்பரமும் தவறான டிரைவரும் சேர்ந்தே வரும்.

நெட் வேகமாத்தான் இருக்கு, ஆனா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. நெட்டா, கம்ப்யூட்டரா?

ஊகிக்க வேண்டாம், யூடியூபே சொல்லிவிடும். ஓடும் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூலையில் ஒரு சிறு கருப்புப் பெட்டி திறக்கும். அதில் இரண்டு வரிகள் போதும். 'பஃபர் ஹெல்த்' என்பது முன்கூட்டியே இறங்கி வைத்திருக்கும் வீடியோ எத்தனை நொடிக்கு வரும் என்ற கணக்கு. 'ஃபிரேம்ஸ்' வரியில் 'டிராப்டு' என்பது காட்ட முடியாமல் கைவிட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை.

பஃபர் ஹெல்த் குறைந்துகொண்டே போய்ப் பூஜ்யத்தைத் தொடும்போது படம் நிற்கிறதா? குறை நெட்டில். பஃபர் 20, 30 நொடி என்று வசதியாக இருக்கும்போதே டிராப்டு எண் ஏறுகிறதா? நெட் மேல் பழி இல்லை, டிரைவரைப் பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை.

நெட்தான் என்று தெரிந்தால், வேகம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு யூடியூப் தரும் கணக்கு இது: 720பி-க்கு நொடிக்கு 2.5 மெகாபிட், 1080பி-க்கு 5, 4கே-வுக்கு 20. புதிதாகப் போட்ட விண்டோஸ் முதல் நாளில் பின்னணியில் ஜிபி கணக்கில் அப்டேட் இறக்கும், ஒன்டிரைவ் கோப்புகளை இழுக்கும். டாஸ்க் மேனேஜரில் 'நெட்வொர்க்' பத்தியின் தலையில் கிளிக் செய்தால் யார் இழுக்கிறார்கள் என்று மேலே வந்து நிற்கும். அது முடியும்வரை பொறுத்திருப்பதே சுலபமான வழி. அதற்குப் பின்னும் மந்தம் என்றால் வைஃபை டிரைவரையும் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து போடுங்கள். விண்டோஸ் தானாகப் போடும் பொது டிரைவர் சில கார்டுகளில் பாதி வேகத்தில்தான் ஓடும்.

டிரைவர் போட்டாச்சு. அது நிஜமா வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'ஜிபியு'வை (கிராபிக்ஸ் சிப்) திறங்கள். அதில் 'வீடியோ டீகோட்' என்ற சிறு வரைபடம் இருக்கும். சில ஏஎம்டி சிப்புகளில் 'வீடியோ கோடெக்' என்ற பெயரில் வரும். வீடியோ ஓட ஓட அந்தக் கோடு எழும்பினால், சிப் தன் வேலையைச் செய்கிறது. கோடு தரையோடு படுத்திருக்க, சிபியு (பிராசசர்) மட்டும் 70, 80 சதவீதம் ஏறினால் செய்யவில்லை. ஜிபியு என்ற பகுதியே இடப்பக்கம் தென்படவில்லை என்றால் முதல் கேள்விக்கே திரும்புங்கள்.

குரோமில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, முகவரிப் பட்டையில் குரோம்://ஜிபியு என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வரும் பட்டியலில் 'வீடியோ டீகோட்' வரிக்கு எதிரே 'ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட்' என்று பச்சையில் இருக்க வேண்டும்.

படம் வருது, சத்தமே வரலை.

டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் போட்டதும் ஹெச்டிஎம்ஐ வழி ஒலியும் ஒரு கருவியாகச் சேர்ந்துகொள்ளும். விண்டோஸ் சில நேரம் அதையே முதன்மையாக எடுத்துக்கொள்ளும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஒலி போன இடம் தெரியாது. பட்டியலில் உங்கள் ஸ்பீக்கரே இல்லை என்றால் ஆடியோ டிரைவர் விடுபட்டிருக்கிறது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அது ரியல்டெக். மதர்போர்டு அல்லது லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும்.

ஒரே ஒரு தளத்தில் மட்டும் சத்தம் இல்லையா? பிரவுசர் டேபில் ரைட் கிளிக் செய்யுங்கள். 'அன்மியூட் சைட்' என்று காட்டினால் விடை கிடைத்துவிட்டது.

'ஆடியோ ரெண்டரர் எரர்'னு வந்து வீடியோவே நின்னுடுது. சத்தப் பிரச்சினைக்குப் படம் ஏன் நிக்கணும்?

பிரவுசர் படத்தை ஒலியின் கடிகாரத்தோடு ஒட்டித்தான் நகர்த்துகிறது. ஒலிக் கருவி பாதியில் பதில் சொல்லாமல் போனால் படத்துக்கும் நேரம் தெரியாது, இரண்டும் நிற்கும். ஹெட்ஃபோனைக் கழற்றி மாட்டுங்கள். சரியாகவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த ஒலிக் கருவியை 'டிசேபிள்' செய்து மறுபடி 'எனேபிள்' செய்யுங்கள். மீண்டும் மீண்டும் வந்தால் முந்தைய பதிலில் சொன்ன ஆடியோ டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதில்லை'ன்னு வருது. வைரஸா?

பெரும்பாலும் கடிகாரம். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரம் சில ஆண்டுகள் பின்னால் இருந்தால் எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். செட்டிங்ஸில் 'டேட் அண்ட் டைம்' பகுதியில் நேர மண்டலத்தைச் சரிசெய்து 'சிங்க் நவ்' அழுத்துங்கள்.

அணைத்துப் போட்டதும் தேதி மறுபடி பின்னால் போனால் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. டெஸ்க்டாப்பில் மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் உள்ள கிளிப்பைத் தள்ளினால் பழையது எழும்பும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். எச்சரிக்கைப் பக்கத்தில் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்திப் பழகிவிடாதீர்கள். உண்மையான ஆபத்து வரும்போதும் கை அதையே அழுத்தும்.

வீடியோ பார்க்க கோடெக் பேக் போடணுமா? ஃபிளாஷ் பிளேயர் கேக்குதே?

இரண்டும் வேண்டாம். கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை; விரிக்கும் பகுதி டீகோடர். பிரவுசர்கள் தங்களுக்கு வேண்டிய டீகோடர்களைத் தாமே கொண்டுவருகின்றன, அல்லது விண்டோஸில் இருப்பதைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் போடும் கோடெக் பேக்கை அவை திரும்பிக்கூடப் பார்க்காது. ஃபிளாஷ் பிளேயரை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் தன்னுள் எதையும் ஓடவிடாமல் தடுத்தும்விட்டது. ஆகவே இன்று 'ஃபிளாஷ் போட்டால்தான் வீடியோ தெரியும்' என்றோ 'இந்த கோடெக்கை இறக்குங்கள்' என்றோ ஒரு பக்கம் கேட்டால் அது உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்க்கிறது. டேபை மூடுங்கள். புதிதாகப் போட்ட சுத்தமான சிஸ்டம் முதல் நாளே கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

முன்னெல்லாம் பக்கத்தைத் திறந்ததும் வீடியோ தானா ஓடும். இப்ப ஒவ்வொண்ணையும் அழுத்த வேண்டியிருக்கு.

கெட்டுப்போனது எதுவும் இல்லை. ஒலியோடு தானாக ஓடும் வீடியோக்களை குரோம் 2018 முதல் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் எந்தத் தளத்தில் அடிக்கடி வீடியோ பார்க்கிறீர்கள் என்று கணக்கு வைத்து, அந்தத் தளங்களுக்கு மட்டும் விலக்குத் தரும். ஃபார்மட் அடித்தபோது அந்தக் கணக்கும் அழிந்தது. சில நாள் பயன்பாட்டில் தானே திரும்பும்.

சத்தம் கேக்குது, ஆனா படம் பச்சையா, இல்லேன்னா கருப்பா இருக்கு.

டீகோடர் வேலை செய்கிறது, ஆனால் தப்பாகச் செய்கிறது. உறுதிசெய்ய, குரோம் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில் 'யூஸ் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் வென் அவைலபிள்' என்பதை அணைத்து, பிரவுசரை மூடித் திறங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 'ஜெனரல்' பக்கத்தில் 'பெர்ஃபார்மன்ஸ்' கீழே, 'ரெக்கமெண்டட்' டிக்கை எடுத்தால் இதே ஆப்ஷன் தெரியும்.

படம் திரும்பிவிட்டால் குற்றவாளி கிராபிக்ஸ் டிரைவர். பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். ஆக்சிலரேஷன் அணைந்திருக்கும்வரை முதல் கேள்வியில் சொன்ன சுமை பிராசசர் மேல்தான், லேப்டாப் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். வேறு பதிப்பு டிரைவரைப் போட்டுவிட்டு அந்த ஆப்ஷனை மறுபடி இயக்குங்கள்.

1080பி நல்லா ஓடுது, 4கே வச்சா மட்டும் திக்குது. டிரைவர் எல்லாம் சரிதான்.

இங்கே பார்க்க வேண்டியது கோடெக். யூடியூப் 1080பி வரை ஹெச்.264 வடிவில் தர முடியும். அதற்கு மேல் விபி9 அல்லது ஏவி1 மட்டுமே. ஹெச்.264-ஐ இன்று ஓடும் அநேகமாக எல்லாச் சிப்பும் விரிக்கும். விபி9-க்கு இன்டெல் என்றால் 7-ஆம் தலைமுறை, என்விடியா என்றால் ஜிடிஎக்ஸ் 10 வரிசை இருந்தால் கவலையில்லை. ஏவி1-க்கு இன்டெல் 11-ஆம் தலைமுறை, என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசை, அல்லது ஏஎம்டி ஆர்எக்ஸ் 6000 வரிசையின் பெரும்பாலான கார்டுகள் வேண்டும்.

நெர்ட்ஸ் பெட்டியில் 'கோடெக்ஸ்' வரியைப் பாருங்கள். 'ஏவிசி1' என்றால் ஹெச்.264, 'விபி09' என்றால் விபி9, 'ஏவி01' என்றால் ஏவி1. உங்கள் சிப்புக்கு ஏவி1 தெரியாத நிலையில் அது வந்துகொண்டிருந்தால், யூடியூப் செட்டிங்ஸில் 'பிளேபேக் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் ஏவி1-ஐச் சிறிய தரத்துக்கு மட்டும் என்று மாற்றலாம். அந்த ஆப்ஷனின் பெயர் 'பிரிஃபர் ஏவி1 ஃபார் எஸ்டி'. விபி9-உம் தெரியாத பழைய சிப் என்றால் 1080பி-யோடு நிற்பதே நல்லது. மானிட்டரே 1080பி என்றால் 4கே-யால் கிடைக்கும் கூடுதல் துல்லியமும் சொற்பம்தான்.

யூடியூப் ஓடுது. காசு கட்டிப் பாக்கற தளம் மட்டும் ஓடலை.

அந்தத் தளங்கள் வீடியோவைப் பூட்டி அனுப்புகின்றன. பூட்டைத் திறக்கும் பகுதிக்கு குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் வைட்வைன் என்று பெயர். பிரவுசரைப் போட்ட பிறகு அது தனியாக இறங்கும். குரோம்://காம்பனன்ட்ஸ் என்பதை முன்போலவே ஆங்கில எழுத்தில் அடித்து, வைட்வைன் வரியைத் தேடுங்கள். பதிப்பு 0.0.0.0 என்று இருந்தால் இன்னும் இறங்கவில்லை. 'செக் ஃபார் அப்டேட்' அழுத்தி, பிரவுசரை மூடித் திறங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 'பிளே டிஆர்எம் கன்ட்ரோல்டு கன்டென்ட்' என்ற டிக் இருக்க வேண்டும்.

வைட்வைன் இருந்தும் 'கருவிகளின் எண்ணிக்கை அதிகம்' என்று வந்தால், ஃபார்மட் அடித்த கம்ப்யூட்டரை அந்தச் சேவை புதுக் கருவியாக எண்ணியிருக்கிறது. கணக்குப் பக்கத்தில் பழைய பெயரை நீக்குங்கள்.

குரோம்ல ஓடுது, ஃபயர்ஃபாக்ஸ்ல ஓடலை. விண்டோஸோட மீடியா பிளேயரும் காணோம்!

நீங்கள் போட்டது 'என்' (N) பதிப்பு. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் பதிப்பின் பெயர் 'புரோ என்' அல்லது 'ஹோம் என்' என்று முடியும். ஐரோப்பிய ஆணையம் 2004-இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிராக அளித்த தீர்ப்பால் பிறந்த பதிப்பு இது. மீடியா பகுதிகள் எடுக்கப்பட்டிருக்கும். குரோம் தன் டீகோடரைத் தானே வைத்திருப்பதால் தப்பிக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஹெச்.264-க்கு விண்டோஸை நம்பியிருப்பதால் மாட்டிக்கொள்கிறது.

மறுபடி ஃபார்மட் வேண்டாம். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, புதிதாகச் சேர்க்கும் பட்டனை அழுத்தி, 'மீடியா ஃபீச்சர் பேக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் கட்டாயம்.

லேப்டாப் திரையில படம் வருது. டிவியில மாட்டினா கருப்பு, சத்தம் மட்டும்.

பூட்டிய வீடியோக்கள் போகும் கேபிளும் காட்டும் திரையும் ஹெச்டிசிபி என்ற காப்பு முறையை ஏற்க வேண்டும். விஜிஏ மாற்றி, மலிவான ஸ்பிளிட்டர், பழைய மானிட்டர் ஆகியவற்றில் சங்கிலி அறுந்துவிடும். நேரடி ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பாருங்கள். திரையைப் பதிவு செய்யும் மென்பொருள் பின்னணியில் ஓடினாலும் சில சேவைகள் இப்படிக் கருப்பாக்கும்.

இன்காக்னிட்டோவில ஓடுது, சாதாரண ஜன்னல்ல ஓடலை. புதுசாத்தானே போட்டேன்?

விண்டோஸ் புதிது, பிரவுசர் கணக்கு பழையது. உள்நுழைந்ததும் சிங்க் பழைய எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) எல்லாம் அப்படியே கொண்டுவந்துவிட்டது. இன்காக்னிட்டோவில் அவை வழக்கமாக ஓடாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இயக்குங்கள். விளம்பரத் தடுப்பானிலும் விபிஎன்னிலும் தொடங்குங்கள். எக்ஸ்டென்ஷனில் குறை இல்லை என்றால் அந்தத் தளத்தின் குக்கீகளை மட்டும் அழித்துவிட்டு மறுபடி உள்நுழையுங்கள்.

பழைய கம்ப்யூட்டர், அதனால விண்டோஸ் 7 போட்டேன். ஓட வைக்க முடியுமா?

ஓரளவு. விண்டோஸ் 7-க்கு குரோமின் கடைசிப் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் ஆதரவு இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவு) பதிப்பு ஓடும். சர்வீஸ் பேக் 1 (விண்டோஸ் 7-க்கு வந்த பெரிய அப்டேட் தொகுப்பு) இல்லாத பழைய டிஸ்க்கிலிருந்து போட்டிருந்தால் முதலில் அதைப் போடுங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், கடிகாரம் சரியாக இருந்தும் ரூட் சான்றிதழ்கள் (தளங்களின் சான்றிதழை நம்பலாமா என்று பார்க்க விண்டோஸ் வைத்திருப்பவை) பழையவையாக இருக்கலாம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்களை 2020 ஜனவரி 14 அன்றே நிறுத்திவிட்டார்கள். வங்கி வேலைக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தாதீர்கள். அத்தகைய கம்ப்யூட்டருக்கு இலகுவான லினக்ஸ் ஒன்றே எங்கள் பரிந்துரை.

லினக்ஸ் போட்டேன். சில வீடியோ ஓடுது, சிலது ஓடலை.

காப்புரிமைச் சிக்கல் உள்ள கோடெக்குகளைச் சில லினக்ஸ்கள் தாமாகத் தருவதில்லை. உபுண்டு நிறுவும்போது மூன்றாம் தரப்பு மென்பொருள் பற்றி ஒரு டிக் கேட்கும். அதைப் போடாமல் விட்டிருந்தால் 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' என்ற தொகுப்பைப் பின்னால் சேர்க்கலாம். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, வீடியோவை விரிக்கும் முழு எஃப்எஃப்எம்பெக் தொகுப்பை எடுக்க வேண்டும். பூட்டிய வீடியோக்களுக்கு குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ வேண்டும். குரோமியத்தில் (குரோமின் திறந்த மூலப் பதிப்பு) வைட்வைன் பொதுவாக இருக்காது.

எல்லாம் சரியாகி ஒரு வாரம் ஓடிச்சு. இன்னைக்குக் காலையிலேர்ந்து மறுபடி திக்குது. நான் எதையும் தொடலை.

நீங்கள் தொடவில்லை, விண்டோஸ் அப்டேட் தொட்டிருக்கும். நீங்கள் போட்ட டிரைவரின் மேல் வேறொன்றை அது போட்டுவிடுவதுண்டு. அப்டேட் ஹிஸ்டரியில் 'டிரைவர் அப்டேட்ஸ்' கீழே தேதியைப் பாருங்கள். நேற்றோ இன்றோ என்றால், டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் பெயரை இரட்டை கிளிக் செய்து, 'டிரைவர்' டேபில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்துங்கள்.

அந்தப் பட்டன் மங்கி இருந்தால் சரியாக ஓடிய பதிப்பை மறுபடி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் (அத்தியாவசியப் பகுதிகளோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் நிலை) டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளால் இருப்பதைத் துடைத்து, சாதாரணமாகத் திறந்து, இறக்கியதைப் போட்டு முடித்த பின்பே நெட்டை இணையுங்கள். நெட் இணைந்திருந்தால் துடைத்த அடுத்த நிமிடமே விண்டோஸ் தன் டிரைவரை மறுபடி கொண்டுவந்து வைத்துவிடும்.